பெண்கள் நடத்தும் சிறு நிறுவனம் அரசு டெண்டரில் நேரடியாக நிற்பது எப்படி? பேண்டேஜ் துணி உற்பத்தி குறித்த கேள்வி

பருத்திப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணியும், காயத்தின்மேல் வைக்கும் காஸ் துணியும் நெய்யும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். நிறுவனத்துக்கு நான் ஒருத்தியே உரிமையாளர். நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். எங்கள் பகுதியைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கே தறி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். வியாபாரி நூல் தருவார், நாங்கள் துணியாகத் திருப்பிக் கொடுப்போம், கூலி வாங்கிக்கொள்வோம். அந்தத் துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி, பெட்டியில் அடைத்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறவர் அவர். டெண்டர் அவர் பெயரில், பில்லும் அவர் பெயரில்.

இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று கடந்த ஆண்டு கட்டிங் மேசைகளும் சுருட்டும் இயந்திரங்களும் வாங்கினேன். வெளுப்பை மட்டும் வெளியே கொடுத்து வாங்குகிறேன். மருத்துவ உபகரண விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உற்பத்தி உரிமமும் பெற்றுவிட்டேன். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது, அரசு அலுவலகங்கள் இணையத்தில் பொருள் வாங்கும் ஜெம் தளத்திலும் விற்பனையாளராகச் சேர்ந்திருக்கிறேன். மத்திய அரசு கொள்முதலில் பெண்களுக்கு 3 சதவீதமும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 4 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஆனால் எந்த டெண்டரைத் திறந்து பார்த்தாலும் அப்படி ஒதுக்கப்பட்டதாக ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. டெண்டரோடு சேர்த்துக் கட்டும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று இருக்கிறது, அது உதவிதான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே மூன்று ஆண்டு சராசரி விற்றுமுதலும், இதே பொருளை அரசுக்கு ஏற்கெனவே வழங்கிய அனுபவமும் கேட்கிறார்கள். கூலிக்கு நெய்த காலத்தின் விற்றுமுதல் என்பது கூலித் தொகை மட்டுமே. வழங்கிய அனுபவம் என் பெயரில் எங்கிருந்து வரும்?

என் கேள்விகள் இவைதான். அந்த 3 சதவீதமும் 4 சதவீதமும் எங்கே இருக்கின்றன, அவற்றை நான் எப்படிக் கேட்டுப் பெறுவது? இரண்டு பிரிவிலும் வருகிறவள் என்பதால் எனக்குக் கூடுதல் பயன் ஏதும் உண்டா? ஆர்டர் கிடைத்தால் பணம் வர எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஸ்டோர்ஸ் எழுதியது:

அம்மா, வணக்கம். மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி வகுப்புகளில் இதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நீங்கள் குறிப்பிடும் ஏற்பாடு, 2006 ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2012 இல் பிறப்பிக்கப்பட்ட பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை. முதலில் மொத்தக் கொள்முதலில் 20 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும், அதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களிடமிருந்து இருக்க வேண்டும் என்று வந்தது. 2015 ஏப்ரலில் அது கட்டாயமாயிற்று. 2018 நவம்பரில் திருத்தி 25 சதவீதமாக உயர்த்தியபோதுதான் பெண்களுக்கென 3 சதவீதம் சேர்ந்தது, 2019 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த விழுக்காடுகள் அனைத்தும் ஒவ்வொரு அமைச்சகமும் ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் ஆண்டு முழுவதும் செய்யும் மொத்தக் கொள்முதலுக்கான இலக்கு. எந்தத் தனி டெண்டரிலும் இது பெண்களுக்கான பங்கு என்று பிரித்து வைக்கும் கட்டாயம் இல்லை. அதனால்தான் உங்கள் கண்ணில் அந்த வரி படவில்லை.

அதோடு, பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் அந்த ஆணையிலேயே இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்கள் டெண்டரில் பங்கேற்கவில்லை என்றாலோ, நிபந்தனைகளையும் குறைந்த விலையையும் எட்ட முடியவில்லை என்றாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற குறு, சிறு நிறுவனங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். நிறைவேற்றத் தவறினால் தண்டனை இல்லாத இலக்கு, ஆள் வராவிட்டால் தானாகக் கரைந்துபோகும் இலக்கு. இந்த 4 சதவீதம் நாடு முழுவதும் பாதியளவுகூட எட்டப்படாமல் கிடப்பதற்கு முதல் காரணம் இந்தப் பிரிவு என்பது என் கருத்து. எங்கள் அலுவலகத்தில் ஆண்டு முடிவில் அறிக்கை எழுதும்போது, தகுதியுள்ளோர் பங்கேற்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் பங்கேற்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

இனி விலைச் சலுகை. டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்னவர் பெரிய நிறுவனமாக இருந்து, நீங்கள் அதைவிட 15 சதவீதத்துக்கு மிகாமல் கூடுதலாகச் சொல்லியிருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதிக்கும் பட்சத்தில் மொத்தத் தேவையில் 25 சதவீதம் வரை உங்களுக்குத் தரலாம். பெரிய ஆலை 100 ரூபாய் சொல்ல, நீங்கள் 112 சொல்லியிருந்தால், 100 ரூபாய்க்கு உங்களைக் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பொருளுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் வேலை செய்யாது. குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட 358 பொருட்களின் பட்டியலில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் இருக்கின்றன. பெரிய ஆலைகள் அந்தப் போட்டிக்கே வர முடியாது என்பதால், குறைந்த விலை சொல்பவரும் சிறு நிறுவனமாகவே இருப்பார். அவரும் உங்கள் வகையைச் சேர்ந்தவர் ஆனபிறகு 15 சதவீதச் சலுகைக்கு இடமில்லை.

அந்த இன்னொரு சிறு நிறுவனம் எவ்வளவு சிறியது என்பதையும் கவனியுங்கள். 2025 ஏப்ரல் முதல் வரையறை மாறிவிட்டது. 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவரும் சிறு நிறுவனமே. உங்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கும் அந்த வியாபாரியே, சொந்தமாகக் கூடம் வைத்து உற்பத்தியாளர் என்று பதிவு செய்திருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்களும் அவரும் ஒரே வரிசை. வெறும் வியாபாரியாக வாங்கி விற்பவருக்கு மட்டும் இந்தக் கொள்கையின் சலுகைகள் கிடையாது. உத்யம் பதிவில் வணிகர்களைச் சேர்த்தது வங்கிக் கடனுக்காக மட்டுமே.

ஆகவே உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடிய இடம் தகுதி நிபந்தனைதான். ஜெம் தளத்தில் வெளியாகும் டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் அனுபவம், விற்றுமுதல் ஆகியவற்றில் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டா என்ற வரிக்கு எதிரே ஆம் என்றோ இல்லை என்றோ போட்டிருப்பார்கள். விலையைக் கணக்கிடுவதற்கு முன்னால் அந்த வரியைப் பாருங்கள். தரத்துக்கும் தொழில்நுட்ப விவரக்குறிப்புக்கும் குறைவில்லாதவரை இந்தத் தளர்வை அளிக்கலாம் என்று 2016 மார்ச்சிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனால் மக்கள் நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பொருட்களில் அனுபவம் கேட்கலாம் என்ற விலக்கும் பின்னர் வந்தது. மருத்துவமனைப் பொருள் என்றதும் அதிகாரிகள் அந்த விலக்குக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பல டெண்டர்களில் இல்லை என்று போட்டிருப்பது யாரும் யோசித்துப் போட்டதன்று. சென்ற முறை வெளியிட்ட ஆவணத்தை எடுத்து, தேதியையும் அளவையும் மாற்றி, அப்படியே ஏற்றிவிடுவது கொள்முதல் பிரிவுகளின் வழக்கம். எழுத்தில் ஒருவர் கேட்டால் மட்டுமே கோப்பு மேலே போகும், மேலே போனால்தான் அந்த வரி மாறும். டெண்டர் முடியும் தேதிக்கு முன் தளத்திலேயே முறையீடு பதிவு செய்யும் வசதி இருக்கிறது. டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டம் வைத்தால் அதற்கும் போகலாம். அதில் புலம்பலாக எழுதாமல், உற்பத்தி உரிமம் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை இருக்கிறது, எனவே பாதுகாப்புக் காரணம் நிறைவேறிவிட்டது, அளவு சார்ந்த முன் அனுபவத்தை மட்டும் தளர்த்தும்படி கோருகிறேன், பொருள் ஒதுக்கப்பட்ட பட்டியலில் உள்ளது, நிறுவனம் பெண்ணுக்கும் பட்டியல் சாதிப் பிரிவுக்கும் உரியது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதுங்கள். காரணத்தோடு கேட்ட கடிதத்தைக் காரணமின்றி நிராகரிக்கத் தணிக்கையை நினைத்து எந்த அதிகாரியும் தயங்குவார்.

சோதனை அறிக்கைக்குக் கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தை, அதாவது சிட்ராவை, அணுகலாம். மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் அங்கே இருக்கிறது. இழை எண்ணிக்கை, சதுர மீட்டர் எடை, நீரில் அமிழும் நேரம் ஆகியவற்றோடு, வெளுப்பில் ஒளிர்வு கூட்டும் இரசாயனம் கலந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வெளுப்பை வெளியே கொடுக்கிறவர்களின் மாதிரிகள் நிராகரிக்கப்படும்போது இந்த ஒரு சோதனையிலேயே மாட்டுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பிரிவிலும் வருவதால் கூடுதல் பயன் உண்டா என்றால், வாங்குபவருக்கு உண்டு. உங்களிடம் வாங்கும் ஒரே ஆர்டர் அவருடைய 4 சதவீதக் கணக்குக்கும் 3 சதவீதக் கணக்குக்கும் உதவும். நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் இலக்கை எட்டாமல் தவிக்கும் அதிகாரிக்கு அது சிறிய விஷயமன்று. விற்பனையாளர் மேம்பாட்டுக் கூட்டங்களில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆம்பூர்க்காரன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தோல் கையுறை தைக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது, நாங்கள் முஸ்லிம்கள். சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இந்தக் கொள்கையில் தனிப் பங்கு ஏதேனும் உண்டா? உண்டு என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

தையல்மெஷின் எழுதியது:

பருத்திப்பூ அக்காவுக்கு வணக்கம். துணிப் பைகளும் கான்வாஸ் பைகளும் தைத்து மத்திய அரசு அலுவலகங்களுக்கு வழங்கி வருகிறேன். ஸ்டோர்ஸ் ஐயா சொன்னது உள்ளே நுழையும் வழி. உள்ளே நுழைந்தபின் நடப்பதை நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உத்யம் பதிவை ஒரு முறை திறந்து பாருங்கள். பாலினமும் சமூகப் பிரிவும் சரியாக இருக்கின்றனவா, உற்பத்தி என்ற தலைப்பில் மருத்துவத் துணிக்கான தொழில் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜெம் தளம் அங்கிருந்துதான் உங்கள் விவரங்களை எடுத்துக்கொள்கிறது. கூலிக்கு நெய்த காலத்தில் யாரோ இணையக் கடையில் போட்டுக்கொடுத்த பதிவாக இருந்தால், நெசவு மட்டுமே இருக்கும், மருத்துவத் துணி இருக்காது. அந்தக் காரணத்தைச் சொல்லியே சலுகையை மறுப்பார்கள்.

முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அடுத்து மாட்டுவது செயல்பாட்டு உத்தரவாதத்தில். ஆர்டர் உங்களுக்கு என்று முடிவானதும் ஒப்பந்தத் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். அதற்கு இந்தக் கொள்கையில் விலக்கு கிடையாது. வங்கியோ அந்தத் தொகைக்கு ஈடாக வைப்புத்தொகை கேட்கும், மேலே கட்டணமும் பிடிக்கும். நீங்கள் பட்டியல் சாதிப் பிரிவு என்பதால் தேசிய சிறுதொழில் கழகம் நடத்தும் தேசிய எஸ்சி எஸ்டி மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். வங்கி உத்தரவாதக் கட்டணத்திலும் சோதனைக் கட்டணத்திலும் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் திட்டங்கள் அங்கே இருக்கின்றன. இயந்திரம் வாங்குவதாக இருந்தால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் பாருங்கள். 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு.

பணம் எப்போது வரும் என்று கேட்டீர்கள். ஜெம் தளத்தின் விதி என்னவென்றால், சரக்கு சேர்ந்த 10 நாட்களுக்குள் பெறுபவர் ஏற்புச் சான்றிதழ் தர வேண்டும், அதிலிருந்து 10 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். எல்லாத் தாமதமும் அந்த ஏற்புச் சான்றிதழில்தான் ஒளிந்திருக்கிறது. ஆர்டர் போட்டவர் ஓர் ஊரில் இருப்பார், சரக்கைப் பெறுபவர் வேறோர் ஊரின் கிடங்கில் இருப்பார். பெட்டிகள் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விடும், ஆனால் கணினியில் ஏற்றப்படாது. எண்ணிப் பார்க்கும் குழு இன்னும் கூடவில்லை என்பார்கள், ஒருவர் விடுப்பில் இருக்கிறார் என்பார்கள். என் முதல் ஆர்டரில், தேர்தல் பணிக்குப் போனவர் திரும்பி வரும்வரை பைகள் பிரிக்காமலேயே கிடந்தன, தளத்தின் கணக்கில் நாட்கள் ஓடத் தொடங்கவே இல்லை. அதற்குப்பிறகு சரக்கை இறக்கும் அன்றே கிடங்குப் பொறுப்பாளரின் பெயரையும் நேரத்தையும் எழுதிய ஒப்புகையில் கையெழுத்து வாங்கி, அதை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். இந்தப் பழக்கத்தை நீங்கள் முதல் ஆர்டரிலேயே தொடங்கிவிடுங்கள்.

சட்டப்படி 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். இதற்கான அரசு இணையத் தளத்தில் புகார் பதிந்தால் அது மண்டல வசதியாக்க மன்றத்துக்குப் போகும், மதுரையிலும் ஒரு மன்றம் இருக்கிறது. இவை எல்லாம் உண்மை. ஆனால் உங்களுடைய ஒரே வாடிக்கையாளர் மீது நீங்கள் புகார் பதிவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெண் என்பதால் இன்னும் ஒரு சுமை உண்டு. கொஞ்சம் அழுத்திக் கேட்டால், அந்தம்மா சண்டைக்காரி என்று அடுத்த அலுவலகம்வரை பேச்சுப் போய்விடும். எனவே முதல் இரண்டு ஆர்டர்களுக்கும் பணம் ஒரு காசுகூட வராவிட்டாலும் நூலுக்கும் கூலிக்கும் கையில் பணம் இருக்குமா என்று கணக்குப் போட்டு, இருக்கும் அளவுக்கே ஏலம் எடுங்கள். சிறிய ஆர்டர்களாகவே எடுங்கள். பெரிய ஆர்டர் கிடைத்து, வழங்க முடியாமல் போனால், உத்தரவாதத் தொகையும் போகும், தளத்தில் உங்கள் பெயருக்கும் கெடுதி.

வரவு செலவு எழுதியது:

கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன், சிறு நிறுவனங்களின் டெண்டர் ஆவணங்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை.

முதலில் ஆம்பூர் நண்பருக்கு. மத்திய ஆணையில் மதச் சிறுபான்மையினருக்குத் தனிப் பங்கு இல்லை. குறு, சிறு நிறுவனம் என்ற பொதுச் சலுகைகள் அனைத்தும் உங்களுக்கு உண்டு. கையுறை நிறுவனம் உங்கள் வீட்டுப் பெண்ணின் உடைமையாக உண்மையிலேயே இருந்தால் 3 சதவீதக் கணக்கிலும் வருவீர்கள். டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கடன் தருகிறது, ஆனால் அது கொள்முதல் சலுகை அன்று. அண்டை மாநிலமான கர்நாடகம் வேறு வழியில் போய்ப் பார்த்தது. அங்கே குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் டெண்டர் எண்ணிக்கையிலேயே ஒதுக்கீடு இருக்கிறது. பின்னர் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளில் சிலவற்றையும் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் பிற்படுத்தப்பட்டோரில் முஸ்லிம்கள் அடங்கிய 2பி என்ற பிரிவுக்கு 4 சதவீதம் தரும் திருத்த மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பிவைத்தார்.

கர்நாடக முறைக்கும் மத்திய முறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பருத்திப்பூ அவர்கள் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் குறிப்பிட்ட டெண்டரே அந்தப் பிரிவினருக்கு என்று அறிவிக்கப்படுகிறது, வேறு யாரும் அதில் போட்டியிட முடியாது. மத்திய முறையில் ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும் இலக்கு மட்டுமே. அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே இரண்டு வழிகளுக்கும் இடையே நீண்ட காலம் இழுபறி நடந்தது. ரிச்மண்ட் நகராட்சி தன் கட்டுமான ஒப்பந்தங்களில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையினருக்கு உள்ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று விதித்திருந்ததை 1989 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே பெண்கள் நிறுவனங்களுக்கு மத்திய அரசுக் கொள்முதலில் 5 சதவீதம் என்று 1994 இல் சட்டமாக வைத்த இலக்கு, முதல் முறையாக எட்டப்பட்டது 2015 நிதியாண்டில். கட்டாயமில்லாத இலக்கு எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நம்முடைய 3 சதவீதம் 2019 இல்தான் தொடங்கியது.

தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களுக்கு விற்பதாக இருந்தால் மேலே சொன்ன மத்திய ஆணை பொருந்தாது. 1998 ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000 ஆம் ஆண்டு விதிகளும்தான் அங்கே பேசும். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தையும் மருத்துவப் பொருட்களையும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது, பொது நலனுக்கு அது நல்லதே. ஆனால் மாநிலம் முழுவதற்குமான அளவு என்றாகும்போது உங்களைப் போன்ற கூடங்கள் தனியாக எட்ட முடியாத உயரத்துக்கு அது போய்விடுகிறது. எனவே தொடக்கத்தில் ரயில்வே, துறைமுகம், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் மருத்துவமனைகள் தங்கள் தேவைக்கு வாங்கும் சிறிய அளவுகளைக் குறிவைப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

எச்சரிக்கை ஒன்று. கூட்டாளி நிறுவனமாகவோ தனியார் லிமிடெட் நிறுவனமாகவோ மாறினால் உங்கள் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நீங்கள் நேரடியாக டெண்டரில் வெல்லத் தொடங்கியதும், பழைய வியாபாரியோ வேறொருவரோ வந்து, உங்கள் பெயரில் டெண்டர் எடுத்துத் தருகிறேன், முதலீடு என்னுடையது, உங்களுக்கு மாதம் ஒரு தொகை என்று பேசுவார்கள். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பார்க்கிறோம். மனைவி பெயரில் நிறுவனம், காசோலையில் கையெழுத்து மட்டும் அவருடையது, விலை என்ன போட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. வரிப் பிரச்சினையோ தரப் பிரச்சினையோ வந்தால், நோட்டீஸ் கையெழுத்துப் போட்டவர் பெயருக்கே வரும். ஏட்டளவில் பெண்களின் பங்கு கூடுகிறது, ஆனால் முடிவெடுப்பவர் மாறவில்லை. இந்த வகை நிறுவனங்களை வடிகட்டாமல் 3 சதவீதம் எட்டப்பட்டது என்று அறிவிப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

பணத் தாமதம் பற்றி ஒரு சிறு குறிப்பு. குறு, சிறு நிறுவனத்துக்குக் காலத்தில் பணம் தராதவர், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. அரசுத் துறைக்கு வருமான வரி இல்லாததால் அது அவர்களைச் சுடாது. பொதுத்துறை நிறுவனங்களைச் சுடும். மார்ச் மாதத்தில் அவர்களுடைய நிதிப் பிரிவுக்கு நிலுவைப் பட்டியலோடு ஒரு கடிதம் அனுப்பினால், புகார் என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பருத்திப்பூ எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உத்யம் பதிவைத் திறந்து பார்த்தேன். தையல்மெஷின் சகோதரி சொன்னபடியே நெசவு மட்டுமே இருக்கிறது, மருத்துவத் துணி இல்லை. திருத்தம் போட்டுவிடுகிறேன். இன்னும் ஓர் ஐயம். விலை எழுதும்போது அந்த வியாபாரியின் விலைக்குக் கீழே போக என்னால் முடியாது, அவர் நூலை ஆலையில் லாரிக் கணக்கில் வாங்குகிறார். அப்படியிருக்க தகுதி நிபந்தனை தளர்ந்தாலும் எனக்கு என்ன மிஞ்சும்? என்னைப் போல இங்கே இன்னும் சில பெண்கள் கூடம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் சேர்ந்து ஒரே பெயரில் டெண்டர் போடலாமா?

பழைய ஸ்டோர்ஸ் எழுதியது:

சேரலாம், ஆனால் எப்படிச் சேர்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. தனித்தனியாக டெண்டர் போட்டுவிட்டு, உங்களுக்குள் விலையைப் பேசி வைத்துக்கொள்வது கூட்டுச்சதி என்று கருதப்படும், தடைப்பட்டியலில் போட்டுவிடுவார்கள். நூலைச் சேர்ந்து வாங்குவதில் எந்தத் தடையும் இல்லை, உங்கள் விலை குறைவதற்கும் அதுவே முதல் வழி. எல்லோரும் சேர்ந்து ஒரே நிறுவனமாகப் பதிந்து ஒரே உரிமத்தில் போடுவதாக இருந்தால், உற்பத்தி உரிமம் எந்த இடத்துக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதை உரிம அதிகாரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே போடுங்கள், ஏனென்றால் உரிமத்தில் குறிப்பிடாத கூடத்தில் வெட்டி அடைத்த பொருளை ஆய்வின்போது பிடித்துவிடுவார்கள். 51 சதவீதக் கணக்கு அப்போது அனைவருக்கும் சேர்த்துப் பார்க்கப்படும். எல்லோரும் பெண்கள் என்பதால் 3 சதவீதத்துக்குச் சிக்கல் இல்லை, ஆனால் 4 சதவீதத்துக்கு உங்கள் பிரிவைச் சேர்ந்தவர்களின் பங்கு அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

விலை பற்றிக் கேட்டீர்கள். லாரிக் கணக்கில் நூல் வாங்குபவருக்குப் பெரிய ஆர்டரில்தான் ஆதாயம். ஒரு மருத்துவமனை ஆறு மாதத் தேவைக்குச் சில நூறு பெட்டிகள் கேட்கும் டெண்டருக்கு அவர் பெரும்பாலும் வரவே மாட்டார், வந்தாலும் அக்கறையோடு விலை போடமாட்டார். எங்கள் நிறுவனத்தின் மருத்துவமனைக்கு வாங்கியபோது இரண்டே இரண்டு விலைப்புள்ளிகள் வந்து, போட்டி போதவில்லை என்று மறு டெண்டர் விட்ட நாட்கள் உண்டு. அப்படி மறு டெண்டர் வரும் பொருட்களைத் தளத்தில் தேடிப் பாருங்கள். அடுத்த முறை எழுதும்போது, தளர்வு கோரும் கடிதத்தின் வரைவை இங்கே பதிவிட்டால், கோப்பில் அது எந்த இடத்தில் தடைபடும் என்று குறித்துத் தருகிறேன்.